பன்னிரண்டாம் கேள்வி: வாயைத் திறந்து காட்டவும்

ஒரு நாள் காலையில் தர்ஷினி போன் பண்ணினாள். நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் எதையும் ஏன், எதற்கு என்று துருவாமல் விடமாட்டாள்.

“சேர், புது மெசின் வந்திருக்கு. விரலத் தொடவே வேணாம், மேல இருந்தே படம் புடிச்சிரும். படிவத்தையும் டெப்லெட்டுல ஏத்துறோம். அதுல ஒரு சந்தேகம்.”

“கேளு.”

“நாம பாக்கிறது விரல்ல ரத்தம் ஓடுறத. பன்னெண்டாவதுல ‘வாயைத் திறந்து காட்டச் சொல்லவும்’னு இருக்கே. பல்லு டொக்டரோட படிவத்துல இருந்து தவறி வந்திருச்சா? எடுத்துரவா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அதுல கைய வச்சுப் பாரு, அப்ப தெரியும்” என்றேன்.

அவள் பயப்படவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாருக்குத்தான் பயப்படுகிறார்கள்? “அப்ப மெசின் தெறக்கிற அன்னைக்கு நீங்களே வந்து சொல்லுங்க. பத்து நிமிசம் தர்றோம்” என்று வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் சொல்லக்கூடிய கதையா அது? அன்றைக்கு நான் சொன்னதையும், சொல்லாமல் மறைத்ததையும், அங்கே நடந்த கூத்தையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கொட்டகலைப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா தொழிற்சாலையில் வேலை. பள்ளிக்கூடத்தில் பாஸானேன், கொழும்பில் பயிற்சி என்ற பெயரில் குளிக்கத் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன், வெள்ளைக் கோட்டோடு திரும்பி வந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஊர் மக்களின் மலம், சளி, சிறுநீர். பஸ்ஸில் யாராவது வணக்கம் வைத்தால் எனக்கு முகம் ஞாபகம் வராது, போத்தல்தான் ஞாபகம் வரும்.

ஒரு நாள் மாற்றல் கடிதம் வந்தது. ‘நுண் குருதிக்கலன் தொழிற்பாட்டு ஆய்வு அலகு’ என்று போட்டிருந்தது. என் மனைவி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “இது ஒங்களுக்குப் பதவி உயர்வா, தண்டனையா?” என்றாள். எனக்கும் தெரியவில்லை.

போய்ப் பார்த்தால், ஹட்டனுக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ரயில் பாதைக்கு மேலே, பலகைத் தளம் போட்ட ஒரு பழைய வீடு. அதுதான் அலகு. குளிரிலும் மழையிலும் மலையில் நின்று கொழுந்து எடுக்கிற பெண்களில் சிலருக்கு விரல் வெளிறி, நீலம் பாய்ந்து, மரத்துப் போகிறது. ஏன் சிலருக்கு மட்டும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

கருவிகள் இரண்டு. முதலாவது நுணுக்குக்காட்டி. நகத்தின் அடித்தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தால், கொண்டை ஊசிகளை வரிசையாக நிறுத்தியது போல மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் தெரியும். எண்ணெய் விட்டதும் பாதிப் பேர் அதை வழித்துத் தலையில் தடவிக்கொள்வார்கள். மறுபடியும் விட வேண்டும்.

இரண்டாவதுதான் பெரியவர், சிவப்பு விளக்கு மெசின். சட்டைப் பொத்தான் அளவு ஒரு முனையை விரல் நுனியில் ஒட்டினால் தோலுக்குள் சிவப்பு வெளிச்சம் போகும். ஓடுகிற இரத்தத்தில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கொஞ்சம் மாறி வரும். அந்த மாற்றத்தை வைத்து ஓட்டம் கூடுகிறதா குறைகிறதா என்று திரையில் ஒரு கோடு காட்டும். அப்புறம், பிரஷர் பார்க்கிற பட்டியை மேல்கையில் கட்டி, காற்றை ஏற்றி, ஐந்து நிமிடம் கைக்கு இரத்தம் போகாமல் நிறுத்துவோம். கோடு தரையோடு படுத்துவிடும். சட்டென்று காற்றைத் திறந்து விட்டால், பசியோடு கிடந்த விரலுக்குள் இரத்தம் பாய்ந்து வரும். கோடு குபீரென்று எழும்பி, பிறகு மெல்ல, ஆறுதலாக இறங்கும். எழும்பினால் குழாய்களில் உயிர் இருக்கிறது. எழும்பாவிட்டால் யோசிக்க வேண்டியதுதான்.

ஆனால் இந்த மெசினுக்கு இருந்த ரோசம் எந்த மாப்பிள்ளைக்கும் கிடையாது. யாராவது இருமினால் கோடு துள்ளும். சிரித்தால் துள்ளும். பலகையில் செருப்போடு நடந்தால் போச்சு. அதனால் நாங்கள் எல்லோரும் காலுறையோடுதான் நடமாடினோம். கீழே ரயில் போனால் கோடு கிடந்து நடுங்கும். கொழும்புக்குப் போகிற ரயிலா, பதுளைக்குப் போகிற ரயிலா என்று கோட்டைப் பார்த்தே நான் சொல்லுவேன். வேறு எந்தப் பிரயோசனமும் இல்லாத திறமை அது.

எங்களுக்கு மேலதிகாரி டாக்டர் ஹேமமாலி. சிங்களப் பெண்மணி. அரச ஊழியருக்கான தமிழ் வகுப்பில் முதலாவதாகப் பாஸானவர். அந்த வகுப்பில் அவருக்குச் சொல்லிக் கொடுத்த தமிழை இந்த மலையில் ஒருவரும் பேசுவதில்லை.

“அம்மணி, தாங்கள் இன்று காலை தேநீர் அருந்தினீர்களா?” என்று கேட்பார்.

வந்திருக்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். “அம்மா என்னமோ மந்திரம் சொல்றாங்கடி” என்று ஒருத்தி கிசுகிசுக்க, எல்லோரும் பயபக்தியோடு கும்பிடுவார்கள். பிறகு நான் புகுந்து மொழிபெயர்க்க வேண்டும். டீ, காப்பி, சிகரெட் மூன்றும் இந்தச் சின்னக் குழாய்களைச் சுருக்கிவிடும் என்பதால், பரிசோதனைக்கு வருகிறவர்கள் காலையிலிருந்து அவற்றைத் தொட்டிருக்கக் கூடாது. நான் கேட்பேன்: “டீ குடிச்சீங்களா?” இல்லீங்க. “காப்பி?” இல்லீங்க. “சிகரெட்டு?” உடனே ஒரே சிரிப்பு. படிவத்தில் மூன்று இடத்திலும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வேலையை ஆரம்பிப்போம். மாதக்கணக்கில் இப்படித்தான் நடந்தது.

மேடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கோடு சரியில்லை என்றால் அது பதிந்த கடதாசியை ஓரமாக வைத்து, என்னைப் பார்த்து, “மறுபடி, ஆறுமுகம்” என்பார். அவ்வளவுதான். மூன்றாம் தரமும் அதே குரல், அதே சொல். சத்தம் போட்டுத் திட்டினால்கூட மனுசனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எழுதுவதெல்லாம் பென்சிலில். முடிவு உறுதி என்று தெரிந்த பிறகுதான் மேசை இழுப்பறையிலிருந்து பேனா வெளியே வரும். பேனாவால் எழுதியதை அவர் ஒரு நாளும் மாற்றியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ராக்கம்மா வந்தாள். நாற்பது வயது இருக்கும். வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். அவிழ்த்தால், நுனியில் ஆறாத புண், நகத்தோரம் கறுத்துப் போயிருந்தது. கூடவே சத்திர சிகிச்சை டாக்டரின் கடிதம். விரலில் இரத்த ஓட்டம் மீளக்கூடியதா என்று பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தரவும், இல்லையென்றால் மேல் கணுவோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தது.

“ஒரு கணுதானே, பரவால்லன்னு சொல்றாங்க ஐயா” என்றாள் ராக்கம்மா. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினாள். “இந்த ரெண்டுந்தான் கொழுந்து ஒடிக்குது. மத்த எட்டும் சும்மா கூட நின்னு வேடிக்க பாக்குது. இத வெட்டிப்புட்டா நான் மலைக்குப் போயி என்னாத்த செய்யிறது?”

என் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. “மொதல்ல பாப்போம், வாங்க” என்றேன்.

நுணுக்குக்காட்டி முதலிலேயே கையை விரித்துவிட்டது. வருடக்கணக்கில் கொழுந்துக் கறை ஏறி நகத்தடி தார் பூசியது போல இருந்தது. எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. ஆகவே எல்லாம் சிவப்பு விளக்கு மெசின் கையில். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். டீ இல்லை, காப்பி இல்லை. சிகரெட் என்றதும், “நான் என்ன துரையா?” என்றாள். மேடம் தன் பங்குக்கு, “அம்மணி, தாங்கள் அசைவின்றி அமர்ந்திருத்தல் வேண்டும்” என்றார். நான், “ஆடக் கூடாது, அசையக் கூடாது, பேசக் கூடாது” என்றேன். ராக்கம்மா தலையை ஆட்டினாள். அதுதான் அவள் கடைசியாக ஆடியது. அப்படி ஒரு ஆளை நான் என் சேவைக் காலத்தில் பார்த்ததில்லை. கண் இமைகூட அனுமதி கேட்டுத்தான் மூடியது.

அறையைச் சூடாக்கி அரை மணி நேரம் இருக்கவிட்டு, பட்டியில் காற்றை ஏற்றி, ஐந்து நிமிடம் காத்திருந்து, திறந்துவிட்டேன். கோடு படுத்த இடத்திலிருந்து கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

“மறுபடி, ஆறுமுகம்.”

செவ்வாய்க்கிழமை இரண்டு தரம், புதன்கிழமை இரண்டு தரம், வியாழக்கிழமை ஒரு தரம். ஐந்து தரமும் அதே கதை. வியாழக்கிழமை மேடம் கடதாசிகளை அடுக்கி வெகு நேரம் பார்த்தார். ராக்கம்மாவை வெளியே போய்க் காற்று வாங்கச் சொன்னார். பிறகு இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்த நாளில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மனசு சரியில்லை என்றால் கட்டடத்துக்குப் பின்னால் போய் ஒரு சிகரெட். மனசு சரியாக இருந்தாலும் போவேன், அது வேறு விசயம். பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானோரம் ராக்கம்மா குனிந்து நிற்கிறாள். வாயிலிருந்து சிவப்பாகக் கொட்டுகிறது.

சிகரெட்டை வீசிவிட்டு, “மேடம், ரத்தம்! ராக்கம்மா ரத்தமா கக்குது!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். பேனாவும் கையுமாக மேடம் காலுறையோடே ஈரப் புல்லில் ஓடி வந்தார்.

ராக்கம்மா எங்கள் இருவரையும் பார்த்து வெலவெலத்துப் போனாள். “என்னாங்க, யாருக்கு என்னா?”

“வாயத் தொறங்க!” என்றேன்.

திறந்தாள். உள்ளே வெற்றிலை. அதை நாக்கால் ஒதுக்கினால் கடைவாயில் நெல்லிக்காய் அளவு புகையிலை உருண்டை.

“இத எப்ப போட்டீங்க?”

“காலையில, பெரட்டு நேரத்துக்கு. எப்பவும் போடுறதுதானுங்க.” வேலைக்கு ஆள் கூப்பிடுகிற அந்த நேரம் அவளுக்கு லீவு நாளிலும் மறக்காது.

“அப்ப மெசின்ல உக்காரும்போது?”

“அசையக் கூடாதுன்னீங்கல்ல. மெல்லவே இல்லீங்க ஐயா, சத்தியமா! அப்புடியே அடக்கி வச்சிருந்தேன்.”

ஐந்து தரமும் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் மகராசி! அதன் சாறு நிதானமாக உள்ளே இறங்கி எல்லாக் குழாய்களையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. சிகரெட்டுக்குள் என்ன இருக்கிறதோ அதுதானே அந்த உருண்டையிலும் இருக்கிறது.

“நான் கேட்டேனே!” என்றேன்.

“சிகரெட்டுதானே கேட்டீங்க. பொகையில கேக்கலியே.”

எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. “டீ குடிக்கலதானே?”

“டீ எங்கங்க குடிக்கிறது? டவுனுக்குப் போனாத்தான் டீ. காலையில எந்திரிச்சதும் ரெண்டு கோப்ப சாயத்தண்ணி, அவ்வளவுதான்.”

பால் ஊற்றிக் கடையில் தருவதுதான் டீ. லயத்தில் விடியும்போது அடுப்பிலிருந்து இறக்கிக் குடிக்கிற வெறும் தேயிலைச் சாறு சாயத்தண்ணி. அதைக் குடித்துத்தான் நானும் வளர்ந்தேன். என் அம்மாவிடம் யாராவது வந்து ‘டீ குடிச்சீங்களா’ என்று கேட்டிருந்தால் அவளும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். மேடத்தின் செந்தமிழைப் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, வெள்ளைக் கோட்டைப் போட்டதும் வீட்டுத் தமிழே மறந்துபோயிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். உள்ளே போய் அலமாரியைத் திறந்து, மாதக்கணக்கில் நாங்கள் எடுத்து வைத்திருந்த கடதாசிக் கட்டுகள் அத்தனையையும் மேசையில் இறக்கினார். பென்சிலால் முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“மறுபடி, ஆறுமுகம்.”

ஐயோ, அந்த ஒரு சொல்! உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

சத்திர சிகிச்சை டாக்டருக்குப் போன் பண்ணி ஒரு வாரம் தவணை கேட்டார். கிடைத்தது. ராக்கம்மாவைக் கூப்பிட்டு, “தாங்கள் ஏழு தினங்கள் புகையிலையைத் துறத்தல் வேண்டும்” என்றார். நான் சொல்லிப் புரிய வைத்தேன்.

“ஏழு நாளா?” ராக்கம்மா கையை நீட்டினாள். “அதுக்கு இதயே வெட்டிப்புடுங்க.”

“வெளையாடாதீங்க. இது ஒங்க விரலு.”

அவள் என் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினாள். “ஐயா வாயில என்னா வாசம் வருது?”

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். மேடமும் என்னைப் பார்த்தார்.

“நீங்க விட்டா நானும் விடுறேன். ஏழு நாளு இல்ல, ஒரேயடியா. நீங்க ஊதுறது மட்டும் நல்லதாக்கும்?”

“மிகவும் நியாயமான கோரிக்கை” என்றார் மேடம்.

“அந்த மெசின் மேல அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க” என்றாள் ராக்கம்மா. அந்த விலை உயர்ந்த வெளிநாட்டு மெசின் மேல், மேடம் பார்த்துக்கொண்டிருக்க, கையை வைத்துச் சத்தியம் பண்ணினேன். இனிமேல் புகையிலை எந்த ரூபத்திலும் என் வாயில் படாது. வேறு எந்த ஆய்வுகூடத்திலும் இப்படி நடந்திருக்காது.

அந்த ஏழு நாளும் நான் பட்ட பாடு எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும். மூன்றாம் நாள் ரேடியோவோடு சண்டை பிடித்தேன். ஐந்தாம் நாள் மனைவி, “சத்தியத்த முறிங்க, பாவத்த நான் ஏத்துக்கிறேன்” என்றாள். நான் மசியவில்லை. ஒரு நெல்லிக்காய் உருண்டைக்காக ஒருத்தி விரலை இழக்கப் போகிறாள் என்கிற பயம் எனக்கு. அவளும் அந்தப் பக்கம் இப்படித்தானே கிடந்து தவிப்பாள்?

எட்டாம் நாள் வந்தாள். கண் சிவந்து, முகம் கடுகடுவென்று இருந்தது. “எல்லாத்தையும் அடிக்கலாம்னு வருது ஐயா” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாயத்தண்ணி இல்லை, சுடுதண்ணிதான் குடித்தேன் என்றாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வெறும் வாய்.

அறை சூடானது. அரை மணி நேரம் போனது. பட்டியில் காற்றை ஏற்றினேன். கோடு படுத்தது. ஐந்து நிமிடமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியின் திருகாணியைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் வந்தது. பதுளை ரயில், நேரத்துக்கு வந்து சேராத சனியன், அன்றைக்கென்று சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது! பலகை அதிர்ந்தது, கோடு மேலும் கீழுமாகத் துள்ளியது. எது ரயில், எது இரத்தம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மேடம் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றார். ராக்கம்மா மட்டும் அசையவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசிப் பெட்டியும் போய், பலகை அடங்கியது.

கோடு இறங்கவில்லை. உச்சியில் நின்றது. பிறகு ஆறுதலாக, ஒழுங்காக, புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே இறங்கியது.

“மேடம்...” என்றேன்.

“மறுபடி” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. இரண்டாம் தரம் ரயில் இல்லை. கோடு முன்னதைவிட நன்றாக எழும்பியது. மேடம் இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்து, விரலை எடுக்க வேண்டாம், மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதினார். ராக்கம்மாவுக்கு அது இங்கிலீஷில் இருந்ததால் விளங்கவில்லை. நான் அழுததைப் பார்த்துப் பயந்து, “வெட்டணுமா ஐயா?” என்றாள். “இல்லம்மா, இல்ல, இருக்கு, ஒங்க வெரலு ஒங்களுக்குத்தான்” என்று என்னவோ உளறினேன். புண் ஆறச் சில மாதம் பிடித்தது. நகம் கோணலாக வளர்ந்தது. ஆனால் விரல் கொழுந்து ஒடித்தது.

அந்த வாரமே நான் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தேன். பதினொன்று: இன்று காலை சாயத்தண்ணி குடித்தாரா? பன்னிரண்டு: வாயைத் திறந்து காட்டச் சொல்லவும்.

இதைத்தான் அன்றைக்கு மெசின் திறப்பில் எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் ராக்கம்மா உட்கார்ந்திருந்தாள். தர்ஷினி தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். புகையிலையைத் தொட்டே பல வருடம் என்று ராக்கம்மா பெருமையாகச் சொன்னாள். எனக்கும் மனசு நிறைந்து போயிருந்தது.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

“சேர், புது மெசின்ல மொதக் கை ஒங்களோடதுதான்” என்றாள் தர்ஷினி. மறுக்க முடியுமா? கையை வைத்தேன். திரையில் நிறம் நிறமாகப் படம் வரும், இரத்தம் நன்றாக ஓடினால் சிவப்பு, குறைந்தால் நீலம் என்று எல்லோருக்கும் விளக்கினாள். பட்டியைக் கட்டி, காற்றை ஏற்றி, திறந்துவிட்டாள். என் கை நீலமாகவே கிடந்தது.

“சேர், சாயத்தண்ணி குடிச்சீங்களா?”

“இல்லம்மா.” அது உண்மை.

“அப்ப ஏன் இப்புடி? மெசின் பிழையா இருக்குமோ?”

“புது மெசின்தானே, இருக்கும்” என்றேன். உதடு அதிகம் பிரியாமல்தான் சொன்னேன்.

முன் வரிசையில் ஆள் எழும்புகிற சத்தம் கேட்டது. ராக்கம்மா நேரே என் முன்னால் வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

“தங்கச்சி, அந்தப் பன்னெண்டாங் கேள்விய கேளு.”

சிகரெட்டை நான் அன்றோடு விட்டது உண்மை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு பகல் பொழுது நகரவே மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வெற்றிலை நீட்டினார். அதில் ஒரு துணுக்குப் புகையிலை. மறுநாள் இன்னொரு துணுக்கு. மனைவிக்குக்கூடத் தெரியாது. இன்றைக்குப் பேச வேண்டுமே என்ற படபடப்பில் காலையிலேயே ஒன்று கன்னத்துக்குள் போய்விட்டது. பேசும்போது அடக்கி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

“சேர்” என்றாள் தர்ஷினி, டெப்லெட்டைப் பார்த்துக்கொண்டு, “வாயைத் திறந்து காட்டவும்.”

திறந்தேன்.

ராக்கம்மா கையைத் தூக்கினாள். நகம் கோணிய, நுனியில் தழும்பு விழுந்த அந்த ஆள்காட்டி விரல், நாங்கள் வெட்டவிடாமல் காப்பாற்றிய அதே விரல், என் வாய்க்கு நேரே நீண்டு நின்றது.

“அந்தப் பழைய மெசின் அண்ணன் மேல அடிச்சு சத்தியம் பண்ணினீங்க. தம்பிக்காரன் வந்து காட்டிக் குடுத்துட்டான் பாத்தீங்களா?” என்றாள். “போங்க ஐயா, துப்பிட்டு வாங்க. மறுபடி.”